சேதுபதியின் கண் சாய்வு

புருஷன் இருக்கிறானா, செத்தானா என்று ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துக் கேட்கலாமா? மலாக்காவில், காஜா பெராங்கில் கேட்பார்கள். கமலவேணியிடம் பதினாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மீன் கொண்டுவரும் சீனன் கேட்டான், தபால்காரன் கேட்டான், கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவள் பிரசாதத்தை மென்றுகொண்டே கேட்டாள். அவளும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். தெரியலை.

நாற்பத்து மூன்றாம் வருஷம் சேதுபதியை ஜப்பான்காரன் லாரியில் ஏற்றி சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனான். அப்போது அவளுக்கு வயது இருபது. சண்டை ஓய்ந்த பிறகு சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். பலபேர் வரவில்லை. சேதுபதி வரவுமில்லை, இன்ன இடத்தில் செத்தான் என்று ஒரு சேதியும் வரவில்லை. அவனுடைய அண்ணன் தம்பிராஜாவின் வீட்டிலேயே அவள் தங்கிவிட்டாள். "வருவான்மா, என் மனசு சொல்லுது" என்பார் தம்பிராஜா. அப்படிச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பார். துக்கத்தில் பார்க்கிறார் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஜூன் மாதம். ஊரே மெர்டேக்கா, சுதந்திரம் என்று ஒரே பேச்சாக இருந்தது. அடுத்த வீட்டில் மட்டும் செத்தவர்களுக்குப் பழப் படையல். அவர்கள் மலாக்கா செட்டிகள். எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்த தமிழர்களின் வாரிசுகள். தமிழ் அவர்கள் வாயில் கரைந்து போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது, பேச்சு முழுக்க மலாய். ஆனால் படையல் இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று மட்டும் நம்மவர்களையே அதட்டித் திருத்துவார்கள். இலை நிறைய ரம்புத்தானும் மங்குஸ்தீனும் வைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே செத்தவர்கள் சாப்பிடும்வரை சத்தம் போடாமல் வெளியே நிற்பார்கள்.

அந்த வீட்டு அம்மாள் வேலியோரம் வந்து மலாயில் கேட்டாள். "கமலா, உன் லக்கிக்கு ஓர் இலை போடட்டுமா? ஹிடுப்பா, மாத்தியா, ஏதாவது ஒண்ணு சொல்லு." புருஷன் இருக்கிறானா, செத்தானா என்ற அதே கேள்விதான்.

உயிரோடிருப்பவனுக்கு இலை போட்டால் நாமே அவனைச் சாவுக்குக் கூப்பிட்டதாகிவிடும். செத்தவனுக்குப் போடாவிட்டால் பசியோடு வாசலில் நிற்பான். கமலவேணி இரண்டுக்கும் பயந்து, தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் அந்தக் கேள்விக்கு ஒரு கெடுவும் வந்திருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸராக இருந்த ஜெயபாலன், மனைவியை இழந்தவர், அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். செப்டம்பரில் அவருக்கு சிரம்பானுக்கு மாற்றல். "நீங்க வந்தா சேர்ந்து போவோம்" என்றார். "ஆனா அவர் இல்லேன்னு உங்களுக்கே உறுதியா தெரியணும். நாளைக்கு அவர் வாசல்ல வந்து நின்னா, நாம மூணு பேரும் எங்க போயி மூஞ்சிய வச்சிக்கிறது?" நியாயமான மனுஷர். அவரை அவளுக்குப் பிடித்திருந்தது. அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவே அவளுக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அவளுடைய வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வினையே அங்கேதான் இருந்தது. காஜா பெராங் சடக்கின் கோடியில் பெல்ஹாம் துரையின் பங்களா. சர்வே ஆபீசில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நட்சத்திரப் பைத்தியம். தெற்கே ஏதோ ஒரு தேசத்து வானாராய்ச்சிக் கூடத்தில் எடுத்த கண்ணாடித் தகடுகளைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து வைத்திருந்தார். ஒரே ஆகாசத்தை முப்பது வருஷ இடைவெளியில் இரண்டு தடவை படம் பிடித்த தகடுகள். தெளிந்த கண்ணாடியில் நட்சத்திரங்கள் கறுப்பாக, கடுகு இறைத்ததுபோல இருக்கும். முப்பது வருஷத்தில் ஒரு கடுகு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பூதக்கண்ணாடி மெஷினில் அளக்க வேண்டும். மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் வருமே, அதில் நாலு கூறு, அஞ்சு கூறு.

இது எதற்கு என்று ஒருநாள் அவள் கேட்டாள். துரை நன்றாகவே தமிழ் பேசுவார். "நம்ம நட்சத்திரக் கூட்டம் பெரிசு, கமலா. அது சின்னக் கூட்டங்களை விழுங்கியிருக்குன்னு நான் நினைக்கிறேன். யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. விழுங்கின பிறகு பார்த்தா எல்லாம் ஒண்ணுபோலத்தான் தெரியும், எது வந்தது, எது இருந்ததுன்னு கண்ணால சொல்ல முடியாது. ஆனா நடை மாறாது. பொறந்த வீட்டு நடை. அதை அளந்தா பிடிச்சிடலாம்." அப்படிப் பதினோரு நட்சத்திரங்களை அவர் பிடித்து வைத்திருந்தார். மற்ற எல்லாம் ஒரு பக்கம் போக, அந்தப் பதினொன்று மட்டும் ஒன்றாகச் சேர்ந்து எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் வீடு எப்போதோ அழிந்துபோயிற்றாம். அவற்றுக்கு அது தெரியாதாம்.

சண்டைக்கு முன்னே அந்த மெஷினில் அளந்தவர்கள் அண்ணன் தம்பி இருவரும்தான், சர்வே ஆபீஸ் வேலை முடிந்த பிறகு. தம்பிராஜா இப்போதும் சனிக்கிழமைகளில் வந்து அளப்பார். அளந்த ஏடுகளை வைத்துக் கை மெஷினைச் சுற்றிச் சுற்றிக் கணக்குப் போடுவது கமலவேணி. துரை செப்டம்பரில் கப்பலேறுகிறார். அதற்குள் பழைய ஏடுகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் மறுபடி கணக்குப் போட்டுத் தரச் சொல்லியிருந்தார்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தகட்டை ஒரு தடவை நேராக வைத்து அளந்தால் போதாது, அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்து மறுபடி அளக்க வேண்டும். ஏனென்றால் எந்த மனுஷன் கண்ணும் நேர் கண் இல்லை. நட்ட நடுவில் கம்பியை வைத்ததாக அவன் நினைப்பான், உண்மையில் ஒரு மயிரிழை இடமோ வலமோ வைத்திருப்பான். திருப்பி அளந்தால் அந்தக் கோணல் வெளியே வந்துவிடும். ஆபீசில் அதைக் கண் சாய்வு என்பார்கள். தம்பிராஜாவின் சாய்வு வலப்பக்கம் நாலு. சேதுபதியின் சாய்வு இடப்பக்கம் இரண்டு. எத்தனை வருஷத்து ஏட்டை எடுத்தாலும் அதே நாலு, அதே இரண்டு. காய்ச்சலோடு அளந்தாலும் மாறாது.

புருஷனின் போட்டோ ஒன்றுகூட அவளிடம் இல்லை. அந்த "இடது இரண்டு" மட்டும்தான் இருந்தது. அந்த எண் வரும்போதெல்லாம் அவள் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு மூச்சு விட்டுக்கொள்வாள். பைத்தியக்காரத்தனம்தான், என்ன செய்வது.

ஜூன் கடைசியில் ஒரு மத்தியானம், வெயிலின் கண்கூச்சம் தாங்காமல் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்த அந்த அறையில், ஜப்பான்காரன் காலத்து ஏடு ஒன்று கையில் வந்தது. மேலே தம்பிராஜாவின் பெயர், 2603 என்று ஜப்பான்காரன் வருஷம், நம் கணக்கில் நாற்பத்து மூன்று. தேதியைக் கரையான் தின்றிருந்தது. கணக்குப் போட்டாள். இடது இரண்டு என்று வந்தது.

தப்பு செய்துவிட்டோம் என்று மறுபடி போட்டாள். இடது இரண்டு. மூன்றாவது தடவை ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிப் போட்டாள். அதே இடது இரண்டு. தம்பிராஜாவின் பெயரைப் போட்ட ஏட்டுக்குள்ளிருந்து சேதுபதியின் கண் அவளைப் பார்த்தது. எதிரே மெஷின் முன்னால் காலி நாற்காலி. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல அது லேசாகத் திரும்பியிருந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தாள்.

"அத்தான், ஜப்பான் காலத்து ஏட்டுல உங்க பேர் இருக்கு. கண்ணு அவரோடதா இருக்கு. எப்படி?"

தம்பிராஜா அப்போது கோப்பிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோயிருந்தார். அதை அப்படியே கீழே வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"நான் யாருகிட்டயும் சொன்னதில்லம்மா. அவன லாரியில ஏத்தின மறுநாள் அளந்த ஏடு அது. அவன் உக்கார்ற நாற்காலியில உக்காந்தேன். என் கைமேல ஒரு கை இருந்த மாதிரி இருந்திச்சு. அவன்தான் அளந்தான், நான் இல்ல."

அவருடைய மனைவி சீதா அங்கேயே "முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நான்தான் சொன்னேனே, அவரு இந்த வீட்ட விட்டுப் போகவே இல்லேன்னு! கமலா, நீ குடுத்து வச்சவடி!" என்று சொல்லி உடனே போய் விளக்கேற்றினாள்.

அதன் பிறகு கமலவேணிக்கு நாட்கள் ஒரு மாதிரியாகப் போயின. பங்களாவில் அவள் தனியாக இருக்கும்போது அந்த நாற்காலியை இழுத்துச் சரியாகப் போட்டுவிட்டுத்தான் கணக்கில் உட்காருவாள். பட்டப்பகலில், சாத்திய ஜன்னல் இடுக்கில் வெயில் கோடாக விழும்போது, முதுகுக்குப் பின்னால் திருகு சுற்றும் சத்தம் கேட்கும். திரும்பினால் ஒன்றும் இருக்காது. முதலில் பயந்தாள். பிறகு கேட்காத நாட்களில் ஏங்கினாள். "இன்னிக்கு ஏன் பேசல?" என்று ஒருநாள் நாற்காலியிடம் கேட்டேவிட்டாள். பிறகு தலையில் பூ வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தாள். துரை அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஜூலை நடுவில் ஜெயபாலனை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்துச் சொன்னாள். "மன்னிச்சிடுங்க. அவரு என்கூடத்தான் இருக்காரு. என்னால வர முடியாது."

ஜெயபாலன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "சரிங்க. உடம்ப பாத்துக்குங்க" என்றார். அவர் படியேறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருக்கிற புருஷனுக்காக அழ வேண்டுமா, போகிற மனுஷனுக்காக அழ வேண்டுமா என்று தெரியாமல் ஜாலான் பெண்டஹாரா சாலை நெடுக அழுதுகொண்டே நடந்தாள்.

நாலு நாள் கழித்து, பெட்டியின் அடித்தட்டில் இன்னோர் ஏடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்து எடுத்தாள். மேலே சேதுபதியின் பெயர். அதே வருஷம், அதே தகடு. அவள் ஏட்டை முதலில் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகுதான் கணக்குப் போட்டாள்.

வலது நாலு.

இங்கே அவள் நிதானமாக யோசித்தாள். கணக்குப் போடுகிறவள் அல்லவா. செத்தவனோ காணாமல் போனவனோ வந்து அண்ணன் கையைப் பிடித்து அளக்கலாம், வைத்துக்கொள்வோம். ஆனால் சேதுபதி தன் சொந்தக் கையால் அளந்த ஏட்டில் அண்ணன் கண் எப்படி வரும்? உயிரோடு இங்கே குத்துக்கல்லாட்டம் இருந்த மனுஷன் ஆவியாகப் போய்த் தம்பி மேல் ஏறினாரா?

ஏட்டின் அடியில் ஜப்பான் அதிகாரி ஒருவர் இரண்டு பேரின் அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒப்பிட்டு, சிவப்பு முத்திரை குத்தியிருந்தார். தேதி மே நாலு. தம்பிராஜா பெயரிலுள்ள ஏட்டின் எண்கள் அத்தனையும் அதில் இருந்தன. சேதுபதியை லாரியில் ஏற்றியது மே ஒன்பது. அப்படியென்றால் அவன் போன மறுநாள் யாரும் எதையும் அளக்கவில்லை. இரண்டு ஏடும் அவன் இங்கே இருந்தபோதே அளந்தவை. தலைப்பில் பெயர்கள் மட்டும் மாறியிருந்தன.

அறை முழுக்க அப்போது ஓர் அமைதி வந்தது. திருகுச் சத்தம் இல்லை, நாற்காலியில் யாரும் இல்லை. மூன்று வாரமாக யாருமே இருந்ததில்லை. அவள் பயந்த பயமெல்லாம் ஒன்றுமில்லை, இந்த வெறுமைதான் அவளைக் குலை நடுங்க வைத்தது. தலையிலிருந்த பூவைப் பிடுங்கி மேஜை மேல் வைத்தாள்.

அடுத்த அறையில் துரை பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று கேட்டாள். "துரை, ஜப்பான்காரன் இந்த மெஷின்ல இவங்க ரெண்டு பேரையும் எதுக்கு அளக்கச் சொன்னான்?"

"நான் அப்போ சிங்கப்பூர்ல சிறையில கிடந்தேன். பிறகு தம்பிராஜாதான் சொன்னான். வரைபட வேலைக்கு ஓர் ஆள் போதும், பிசிறில்லாம அளக்கிறவன் இருக்கட்டும், இன்னொருத்தன் சயாமுக்கு, அப்படின்னு அதிகாரி பரீட்சை வச்சானாம். பாவம், சேதுபதி அன்னிக்குச் சரியா அளக்கலையாம். எனக்கு எப்பவும் ஆச்சரியம்தான். அவன் கை அவ்வளவு நிதானம்."

அவள் இரண்டு ஏடுகளையும் மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சீதா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். தம்பிராஜா முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் ஏடுகளை விரித்து வைத்தாள்.

"பேர மாத்தி எழுதிட்டீங்க. கண்ண மாத்த மறந்துட்டீங்க அத்தான்."

அவர் ஏடுகளைத் தொடவில்லை. முகம் ரத்தம் வற்றி, வாழைத்தண்டு நிறமாகிவிட்டது. பொய் சொல்லப் பார்த்தார். முடியவில்லை. கடைசியில் சொன்னார்.

"ரெண்டு ஏட்டையும் நான்தான் சைக்கிள்ல ஆபீசுக்குக் கொண்டுபோனேன். தலைப்பு அப்போ பென்சில்ல இருந்திச்சு. வழியில, ஆத்துப் பாலத்துகிட்ட நிறுத்தினேன். சீதா முழுகாம இருந்தா கமலா. நான் போனா அவ என்ன ஆவா? உங்களுக்கு அப்போ பிள்ளகுட்டி இல்ல. அப்படித்தான் நினைச்சேன். மூணு மாசம், ஆறு மாசத்துல திரும்பி வந்துடுவான்னுதான் நினைச்சேன். சத்தியமா."

"அவருக்குத் தெரியுமா?"

"லாரியில ஏறும்போது என்னப் பாத்தான். 'அண்ணே, நான் நல்லாத்தானே அளந்தேன்?' அப்படின்னான். அவ்வளவுதான்."

கமலவேணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. கொதித்துக்கொண்டு வந்தது வேறு.

"இருக்காரா, செத்தாரா? இத்தன வருஷமா ஊரே என்னைக் கேக்குது. நான் உங்களைக் கேக்கறேன். சொல்லுங்க."

"செத்துட்டான்."

"யார் சொன்னது?"

"நாகூர் மீரான். அதே லாரியில போனவன். நாப்பத்தாறுல திரும்பி வந்தான். போன அந்த வருஷமே, நாப்பத்து மூணு ஆவணி மழையிலேயே, காலரா. மீரான் மடியிலதான் உசிர் போச்சாம். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் அவன் காலப் பிடிச்சேன். செத்தான்னு சொன்னா எப்படிப் போனான்னு கேப்பே. வருவான்னு சொல்லிட்டா நீ ஒண்ணும் கேக்க மாட்டே."

பதினோரு வருஷம் தெரிந்து வைத்திருக்கிறார்! பதினோரு வருஷம் அவள் நெற்றியில் பொட்டைப் பார்த்துக்கொண்டே அவள் கையால் சோறு சாப்பிட்டிருக்கிறார். அது போதாதென்று ஓர் ஆவியைக் கட்டி, அதையும் அவளுக்குப் புருஷனாகக் கொடுத்தார். அவள் அதற்குப் பூ வைத்துக்கொண்டு போனாள். அதற்காக ஒரு நல்ல மனுஷரை வேண்டாமென்று அனுப்பினாள். அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

"இந்த ஏட்டுக் கணக்குப்படி பாத்தா, நல்லா அளந்தவர் ஊர்ல இருக்கணும். சரியா அளக்காதவர் சயாமுக்குப் போயிருக்கணும்" என்றாள். "போகவேண்டிய நீங்க போயிட்டீங்க, இருக்கவேண்டிய அவரு இருக்காருன்னா, இங்க உக்காந்து பேப்பர் படிக்கிறது யாரு?"

அவள் ஏடுகளை மடித்து மறுபடி மடியில் கட்டிக்கொண்டாள்.

"அவருக்கு இன்னும் ஒரு காரியமும் ஆகல. ஒரு பிடி சோறு வைக்கல. வர்ற வெள்ளிக்கிழமை ஆடி அமாவாசை. கடற்கரைக்கு நீங்கதான் வரணும், நீங்கதான் செய்யணும்."

ஆடி அமாவாசையன்று காலையில் பண்டார் ஹிலிர் கடற்கரையில் நல்ல கூட்டம். கடல் அலையில்லாமல் குளம்போலக் கிடந்தது. தம்பிராஜா ஈர வேட்டியோடு குருக்கள் முன்னால் உட்கார்ந்தார். நாலு நாளில் பத்து வயது கூடியிருந்தார். சீதா வரவில்லை. விஷயம் தெரிந்ததிலிருந்து அவள் படுக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை. கமலவேணி மட்டும் அவருக்குப் பின்னால் நின்றாள்.

குருக்களுக்கு அன்றைக்கு நூறு பேர் காத்திருந்தார்கள். அவசரம். தர்ப்பையைக் கையில் மாட்டிவிட்டு, சோற்றைப் பிசைந்து ஒரு பிண்டம் பிடித்து இலையில் வைத்துக் கேட்டார்.

"போனவர் பேர் சொல்லுங்கோ."

தம்பிராஜா கடலைப் பார்த்தார். அப்புறம் தெளிவான குரலில் சொன்னார்.

"தம்பிராஜா."

"நட்சத்திரம்?"

"கேட்டை."

கமலவேணி நிமிர்ந்து பார்த்தாள். கேட்டை அவருடைய நட்சத்திரம்தான். வாய் தவறவில்லை. அவர் தோள்கள் நிதானமாக இருந்தன. இந்தப் பெயரை அவர் பதினாலு வருஷமாகத் தொண்டையில் வைத்துக்கொண்டு காத்திருந்ததுபோல இருந்தது. குருக்களுக்கு என்ன தெரியும்? தம்பிராஜா என்ற ஆத்மா கரையேற வேண்டும் என்று மந்திரத்தில் அந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார். தன் விரல் வழியே தனக்கே தண்ணீர் விட்டுக்கொண்டார் அந்த மனுஷன்.

தடுக்க அவளுக்கு ஒரு விநாடி போதும். அவள் தடுக்கவில்லை. மூன்று தடவையும் தண்ணீர் விட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். குருக்கள் அடுத்த ஆளைக் கூப்பிடக் கை தூக்கியபோதுதான் முன்னால் வந்தாள்.

"சாமி, எழுந்துக்காதீங்க. எங்க வீட்டுல இன்னொருத்தரும் போயிட்டாரு" என்றாள். "சேதுபதி. பூச நட்சத்திரம். என் வீட்டுக்காரர்."

ஒரே வீட்டில் இரண்டு சாவா என்று குருக்கள் அவளை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு பானையில் கைவிட்டு, இரண்டாவது பிண்டத்துக்குச் சோறு எடுத்தார்.